உப்பு கேட்ட உடம்பு

அருந்ததியின் எட்டுச்செலவன்று மீனாம்பிகை மாமி எந்தக் கறிக்கும் உப்பில் குறை வைக்கவில்லை. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைக்கிற நாள் அது. கத்தரிக்காய்ப் பொரியல், வாழைக்காய் வெள்ளைக்கறி, பருப்பு, வடை. மாமி சட்டிக்குச் சட்டி உப்பை அள்ளிப் போடுவதைத் தங்கேஸ்வரி தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன தாராளமான கை! இரண்டு கிழமைக்கு முன்னால் இதே கைதான் இதே அடுப்படியிலிருந்து உப்புப் போத்தலைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியது.

"என்ன பிள்ளை பாக்கிறாய்? துருவு, துருவு. சனம் வரப்போகுது."

தங்கேஸ்வரி துருவினாள். சிரட்டை தேய்கிற வரைக்கும் துருவினாள்.

அருந்ததி அவளுக்கு இருந்த ஒரே அக்கா. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் மாத்தளை டவுனில் அவர்களுடைய வீடு எரிந்தபோது இரண்டு பேரும் பின்மதிலேறிக் குதித்தார்கள். அப்பாவுக்குக் குதிக்க முடியவில்லை. அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். தங்கேஸ்வரிக்கு மாத்தளை அரசாங்கக் கச்சேரியில் கிளாக் வேலை கிடைத்தது. அருந்ததியை அடுத்த வருடமே தர்மராஜாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நீர்ப்பாசன வேலை, நாவுலையில் குவாட்டர்ஸ், அதிர்ந்து பேசாத மனுஷன் என்று எல்லோரும் மெச்சினார்கள். பேச வேண்டிய இடத்திலும் பேசமாட்டான் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

முதல் மூன்று வருடமும் குறையொன்றுமில்லை, பிள்ளை இல்லை என்ற ஒரு பேச்சைத் தவிர. பிறகு மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போய், ஒரேயடியாக நின்றது. அந்த நேரம் பார்த்துத்தான் மாமி யாழ்ப்பாணத்துச் சண்டைக்குள்ளிருந்து தப்பி மகன் தர்மராஜாவோடு இருக்க வந்து சேர்ந்தாள்.

அருந்ததிக்கு உப்பு மேல் ஒரு வெறி பிடித்தது. சோற்றோடு கல்லுப்பைக் கடித்துத் தின்றாள். பக்கத்து வீட்டு நூருன்னிஸா வெயிலில் வைத்து ஊறவிடும் தேசிக்காய் ஊறுகாய் இருக்கிறதே, அந்தப் போத்தலைச் சரித்து அடியில் நிற்கும் உப்புத் தண்ணீரைத் தேத்தண்ணி குடிக்கிற மாதிரிக் குடிப்பாள்.

"என்ன தங்கச்சி, தேசிக்காய எனக்கு வெச்சுட்டுத் தண்ணிய மட்டும் குடிச்சிட்டீங்க?" என்று நூருன்னிஸா சிரிப்பாள். ஆனால் அடுத்த தடவை உப்பைக் கூட்டிப் போட்டு ஊறவைப்பாள்.

காலையில் வாந்தி. எழுந்து நின்றால் தலை சுற்றல். மாமிக்கு வேறென்ன வேண்டும்?

"உப்புக் கேக்குது, புளி கேக்குது, சத்தி எடுக்கிறாள், குளிப்பு முழுக்கும் நிண்டுபோச்சு. இதுக்கு மேல டொக்டர் வந்து என்னத்தைச் சொல்லக் கிடக்கு? நான் ஆறு பெத்தனான்!"

தெருவெல்லாம் சொல்லியாயிற்று. வஹகோட்டையிலிருந்த சொந்தக்காரருக்கும் ஆள் போயிற்று. தர்மராஜா சின்ன அறைக்கு வெள்ளை அடித்தான். அருந்ததியும் நம்பினாள். நாலு வருடம் காத்திருந்தவள் நம்பாமல் என்ன செய்வாள்?

தங்கேஸ்வரி சனிக்கிழமை பஸ்ஸேறி வந்தவள் அக்காவைக் கண்டு திடுக்கிட்டாள். மாசமாக இருக்கிறவள் மெலிந்து கிடந்தாள். அதைவிட, கறுத்துப் போயிருந்தாள். வெயிலில் கறுக்கிற கறுப்பு இல்லை அது. முழங்கை மடிப்பு, விரல் மூட்டு, பழைய காயத் தழும்பு எல்லாம் தனியாகக் கறுத்திருந்தன. உள்ளங்கையை விரித்துப் பார்த்தால் ரேகை ஒவ்வொன்றும் மை தொட்டு எழுதினது போல் ஓடியது.

"நாவுலை வெயில்டி," என்றாள் அருந்ததி.

"உள்ளங்கையில வெயில் படுமா? நாளைக்கே கண்டிக்குப் போறோம். வா."

"பிள்ளைத்தாச்சியை பஸ்ஸில குலுக்கிக் கொண்டு போறாளாம்!" என்று மாமி உள்ளேயிருந்து கத்தினாள். தங்கேஸ்வரி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கண்டியில் பார்த்தவர் டொக்டர் சந்திரகாந்தா என்ற ஒரு சிங்கள அம்மா. அருந்ததியின் கையைத் திருப்பிப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லி பல் முரசைப் பார்த்தார். அங்கேயும் கறுப்புத் திட்டுக்கள். படுக்க வைத்து பிரஷர் பார்த்தார், பிறகு நிற்க வைத்துப் பார்த்தார். நின்றதும் அருந்ததி சாய்ந்துவிட்டாள். சிறுநீரைச் சோதித்துப் பிள்ளை இல்லை என்று சொன்னபோது அவள் அழக்கூட இல்லை. வெள்ளையடித்த அறையின் நினைவு வந்திருக்க வேண்டும், "அவர்கிட்ட யார் சொல்றது?" என்று மட்டும் கேட்டாள்.

இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகு மறுபடி கூப்பிட்டு டொக்டர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். தங்கேஸ்வரிக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அக்காவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"எங்கள் இரத்தத்தில் வெண்குருதிக் கலங்கள் இருக்கின்றன. உடம்புக்குக் காவல் அவைதான். கிருமியோடு சண்டை பிடிப்பது மட்டும் அவற்றின் வேலை என்று நினைக்காதீர்கள். பெண்ணின் சூலகத்துக்குள்ளும் அவை குடியிருக்கின்றன. மாதாமாதம் முட்டை வெடித்து வெளியே வருகிறதே, அப்போது உண்டாகும் புண்ணை ஆற்றுவதும், உடைந்ததைக் கூட்டி அள்ளுவதும், புதிய இரத்தக்குழாய் ஓட வழி செய்வதும் அவற்றின் உதவியோடுதான். அவை இல்லாமல் சூலகம் ஒழுங்காக வேலை செய்யாது. ஆனால் சில பேருக்கு அவற்றில் ஒரு பகுதி ஆள் மாறிப் போய்விடுகிறது. சொந்த வீட்டை அந்நியன் வீடு என்று நினைத்து அரிக்கத் தொடங்குகிறது. உங்கள் அக்காவுக்கு அதுதான். முட்டையைச் சுற்றி நின்று சுரப்பு நீர் தருகிற கலங்களை அவை தின்கின்றன. அதனால்தான் மாதவிடாய் நின்றது."

"கறுத்தது?"

"சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி போல ஒரு சுரப்பி இருக்கிறது. அதிலும் அதே சாதிக் கலங்கள். அதையும் தின்கின்றன. அந்தச் சுரப்பிதான் உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கிறது. அது கெட்டால் உப்பு மூத்திரத்தோடு ஓடிவிடும், தோல் கறுக்கும், பிரஷர் விழும். உப்பை இவள் ஆசையில் கேட்கவில்லை. உயிர் தங்குவதற்கு உடம்பு கேட்கிறது. கேட்கிற அளவுக்குக் கொடுங்கள்."

காவல் என்ற சொல் தங்கேஸ்வரிக்குப் பிடிக்கவில்லை. வீடு எரிந்த அன்று சந்தியில் காவலுக்கு நின்ற பொலிஸ்காரரை அவள் மதிலின் மேலிருந்து பார்த்திருக்கிறாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இப்போது அக்காவின் வயிற்றுக்குள்ளேயுமா? அவளுக்கு யாரையாவது பிடித்து அறைய வேண்டும் போலிருந்தது. இரத்தத்துக்குள் ஓடுகிறதை எப்படி அறைவது?

அருந்ததி கேட்டது ஒன்றே ஒன்று. "எனக்குப் பிள்ளை பிறக்குமா?"

டொக்டர் பேனையை மூடி வைத்தார். "பொய் சொல்லமாட்டேன். கஷ்டம். ஆனால் இந்த மருந்துக் குளிசை, சுரப்பி தருகிறதை வெளியிலிருந்து தரும், அந்தக் கலங்களையும் கொஞ்சம் அடக்கும். அடங்கினால் சூலகம் திரும்ப விழித்துக்கொண்டதும் உண்டு, சில பேருக்கு. ஒன்றை மட்டும் மறக்காதே. காய்ச்சல் வந்தால் குளிசையைக் கூட்ட வேண்டும். ஒரு நாளாவது நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பிள்ளையைப் பற்றிப் பேச நீ இருக்கமாட்டாய்."

இதைத் தங்கேஸ்வரி நாவுலைக்கு வந்து தர்மராஜாவுக்குச் சொன்னாள். மாமிக்குச் சொன்னாள். இரண்டு பேரையும் கதிரையில் இருத்தி, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். சொல்லவில்லை என்று பிறகு யாரும் தப்ப முடியாது.

குளிசை வேலை செய்தது. வாந்தி நின்றது, தலைச்சுற்று நின்றது. கன்னத்தில் சதை வைத்தது. உள்ளங்கை ரேகை மெல்ல மெல்ல வெளுத்தது. ஊறுகாய் ஆசை மட்டும் குறையவில்லை. ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை தங்கேஸ்வரி படலையைத் திறக்க முன்பே அருந்ததி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர், வாயெல்லாம் சிரிப்பு.

"தங்கம், முழிச்சிருச்சுடி! நேத்து வந்திருச்சு!"

ஒன்பது மாதம் நின்றிருந்த மாதவிடாய் வந்திருந்தது. இரண்டு பேரும் கிணற்றடியில் நின்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரிக் கையைக் கோத்துக் குதித்தார்கள். வேலிக்கு அப்பால் நூருன்னிஸா, "அல்லாஹ்! என்னாச்சு புள்ளைங்களே, லொத்தர் விழுந்துச்சா?" என்று கேட்டாள்.

வீட்டுக்குள் மாமி நெஞ்சில் அடித்துக்கொண்டு இருந்தாள்.

"கரைஞ்சு போச்சே! என்ர பேரன் கரைஞ்சு போச்சே!"

அவளுடைய கணக்கு நேரானது. உப்பு, வாந்தி, தலைச்சுற்று எல்லாம் பிள்ளை நின்ற அறிகுறி. குளிசை குடித்ததும் அறிகுறி போயிற்று. பிறகு இரத்தம் போயிற்று. அப்படியென்றால் குளிசை பிள்ளையைக் கரைத்துவிட்டது. அதைக் கொண்டுவந்து கொடுத்தவள் தங்கை.

"மாமி, பிள்ளையே இருக்கல்ல. டொக்டர் சோதிச்சுப் பார்த்தாங்க. இது நல்ல அறிகுறி. சூலகம் வேலை செய்யத் தொடங்கியிருக்கு. இனித்தான் பிள்ளை பிறக்க ஒரு வழி இருக்கு."

"எடி, நீ கலியாணம் கட்டினனியோ? ஒண்டைப் பெத்தனியோ? உன்ர மாத்தளைத் தமிழையும் கொண்டு எனக்கு வயித்துக் கதை சொல்ல வந்திட்டாய்! உடம்புக்குள்ள காவலாம், அது உடம்பையே தின்னுதாம். ஆரும் கேட்டால் சிரிப்பினம்."

"அத்தான், நீங்களாவது சொல்லுங்க."

தர்மராஜா பத்திரிகையை மடித்தான். "அம்மா வயசானவ. விடு தங்கேஸ்," என்றான். அவ்வளவுதான். நீர்ப்பாசனத்தில் எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று ஊருக்கே சொல்கிறவன். வீட்டில் வாய் திறக்க மடை இல்லை.

அன்று பின்னேரம் பஸ் ஏற முன் தங்கேஸ்வரி அக்காவிடம் கேட்டாள்: "என்ன நடந்தாலும் குளிசைய நிப்பாட்ட மாட்டியே?"

"பைத்தியமாடி எனக்கு?" என்றாள் அருந்ததி.

ஐப்பசியில் நாடு நின்றது. சுவரெல்லாம் அரசாங்கத்தை எதிர்த்துக் கிளம்பிய சிங்களப் பொடியன்களின் போஸ்டர். கடை திறந்தால் சுடுவோம், பஸ் ஓட்டினால் கொளுத்துவோம், வேலைக்குப் போனால் அதுதான் கடைசி நாள். கச்சேரியும் பூட்டிக் கிடந்தது. சனிக்கிழமை வந்தது, நாவுலைக்குப் பஸ் வரவில்லை. தந்தியும் இல்லை, தபாலும் இல்லை. அந்தக் கிழமைதான் கந்தசஷ்டி தொடங்கியது.

மாமி அதற்காகவே காத்திருந்தாள். பிள்ளைக்காகப் பிடிக்கிற விரதம். ஆறு நாளும் ஒரு நேரம், உப்பில்லாமல் பாலும் பழமும். மருந்தும் சேராது. மீன், இறைச்சி என்று மச்சம் காய்ச்சுகிற வீட்டுப் படி மிதிக்கக் கூடாது, அந்த வீட்டிலிருந்து ஒன்றும் வாங்கக் கூடாது. நூருன்னிஸாவின் வேலி அன்றோடு மூடியது. அருந்ததி ஒரு நாள் மறுத்துப் பார்த்திருக்கிறாள். "அப்ப சரி, என்ர மோனுக்கு வேற இடத்தில பொம்பிளை பாக்கிறன்" என்று மாமி ஊருக்குப் போகப் பெட்டியைக் கட்டினாளாம். தர்மராஜா, "ஆறு நாள்தானே, அம்மாட மனத்துக்காக," என்றானாம். அதோடு அருந்ததி கையில் காப்புக் கட்டிக்கொண்டாள்.

சூரன்போர் அன்று காலை நூருன்னிஸாவின் புருஷன் மர்சூக் தன் வேனின் முன்னால் கறுப்புக் கொடி கட்டி, சாவு நடந்த மையத்து வீட்டுக்குப் போகிறேன் என்று வழியெல்லாம் பொய் சொல்லி மாத்தளைக்கு வந்து தங்கேஸ்வரியின் கதவைத் தட்டினார்.

"தங்கச்சி, உடனே வாங்க. உங்க அக்கா எழும்புறாங்க இல்ல. குளிசையெல்லாத்தையும் அந்தம்மா கிணத்துல போட்டுட்டாங்களாம். நூரு வேலியில நிண்டு அழுவுறா. உள்ளுக்கு வுடுறாங்க இல்ல."

போகும் வழி முழுவதும் தங்கேஸ்வரிக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

அருந்ததி சாமி அறைக்கு வெளியே பாயில் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. கையைத் தூக்கிப் பார்த்தாள் தங்கேஸ்வரி: ரேகைகள் திரும்ப வந்திருந்தன.

"அக்கா, நான் தங்கம்."

"உப்பு," என்றாள் அருந்ததி.

அடுப்படி அலுமாரி பூட்டிக் கிடந்தது. "சாவிய தாங்க மாமி."

"இண்டைக்குச் சூரன்போர். நாளைக்கு விடியப் பாறணை. ஒரு பொழுது பொறுக்க ஏலாதே உங்களுக்கு? இவ்வளவு நாள் பிடிச்சதைக் கெடுக்கப் போறாய்!"

"சாவி!"

மாமி முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தர்மராஜா அம்மாவைப் பார்த்தான், பாயைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். தங்கேஸ்வரி வெளியே ஓடினாள். வேலியில் நூருன்னிஸா ஊறுகாய்ப் போத்தலை நீட்டிக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக அப்படி நின்றாளோ.

உப்புத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் தடவியதும் அருந்ததியின் முகத்தில் ஒரு சின்ன அசைவு. "நூரு ராத்தா கை," என்றாள். பிறகு எல்லாம் வாந்தியாக வெளியே வந்தது. மர்சூக்கும் தங்கேஸ்வரியும் பாயோடு தூக்கி வேனில் ஏற்றினார்கள். தர்மராஜா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். அவனுக்காக நிற்கவில்லை.

வரும்போது இல்லாத மரம் போகும்போது நாலந்தாவில் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. அந்தப் பொடியன்கள் நாலைந்து பேர் கையில் துவக்கோடு நின்றார்கள். நாட்டைத் திருத்தப் போகிறவர்கள். மர்சூக் இறங்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். தங்கேஸ்வரி சிங்களத்தில் கெஞ்சினாள், பிறகு ஏசினாள். "உன் அக்கா என்றால் நிற்க வைப்பியா?" என்று ஒருத்தனின் சட்டையைப் பிடித்தாள். அவன் அவளைத் தள்ளிவிட்டு வேனுக்குள் எட்டிப் பார்த்தான். பார்த்தவனின் முகம் மாறியது. மரத்தை இழுக்கச் சொல்லி மற்றவர்களுக்குக் கை காட்டினான். அவர்கள் இழுக்கவும் செய்தார்கள். அதற்குள் பாயில் கிடந்தவளுக்கு ரோடு தேவைப்படவில்லை.

இப்போது எட்டாம் நாள். சனம் வந்து நிறைந்துவிட்டது. கட்டைகளை இழுத்து ஒதுக்கி பஸ் ஓடத் தொடங்கியிருந்ததால் வஹகோட்டைக்காரரும் வந்திருந்தார்கள். படத்தில் அருந்ததி கலியாண நாளில் சிரித்தபடி, வெளுப்பாக இருந்தாள்.

"சூரன்போரண்டு போயிருக்கிறாள் பாருங்கோ. முருகன் கூப்பிட்டிட்டான். எல்லாருக்கும் கிடைக்குமே இந்தச் சாவு?" என்றாள் ஒரு மனுஷி.

"விரதத்தோட போனவள்," என்று மாமி மூக்கைச் சிந்தினாள். "ஒரு வாய் உப்புத் தொடாமல் போனவள் என்ர மருமகள்!"

தங்கேஸ்வரிக்கு உச்சியில் நெருப்பு வைத்தது போலிருந்தது. தண்ணீர்ச் செம்பை இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பியவளின் கையை மாமி பிடித்துக்கொண்டாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே பேசினாள்.

"இந்தப் பிள்ளைக்கும் ஆர் கிடக்கு? தாயில்லை, தகப்பனில்லை, இருந்த தமக்கையும் போயிட்டாள். முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடியட்டும். வெளியில தேடுவானேன்? தர்மனும் தனிச்சுப் போனான். வாற சஷ்டிக்கு இவளும் பிடிச்சாளெண்டால் முருகன் கண் திறப்பான்."

தலைகள் ஆடின. நல்ல யோசனை என்று ஒருவர் சொல்லவும் சொன்னார். தர்மராஜா தரையைப் பார்த்தபடி இருந்தான்.

தங்கேஸ்வரி கையை உருவிக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வரும்போது கையில் ஊறுகாய்ப் போத்தல். வேலிக்கு அப்பால் நூருன்னிஸா முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். தங்கேஸ்வரி நேரே படத்துக்கு முன்னால் போய்ப் போத்தலுக்குள் கையை விட்டு, ஊறித் தொளதொளத்த தேசிக்காய்களை அள்ளி இலையின் நடுவில் வைத்தாள். உப்புத் தண்ணீர் வடை வரைக்கும் ஓடியது.

"ஐயோ! சோனக வீட்டுச் சாமானடி அது! படையலில வைக்கிறியே!"

"அவளுக்குப் பிடிச்சத வைக்கிற நாள்தானே மாமி? கத்தரிக்காய் உங்களுக்குத்தான் பிடிக்கும். அவளுக்கு இதுதான் பிடிக்கும். உங்க வீட்டில அவள் உயிரோட இருந்தது இந்த உப்பாலதான், தெரியுமா? நூரு ராத்தா ஊத்திக் குடுத்ததுதான் அவள் ரத்தத்தில ஓடிச்சு." அவள் சனத்தின் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் கேளுங்க. என் அக்கா மலடி இல்ல. அவளுடைய ரத்தத்தில இருந்த காவல் அவளையே கடிச்சுது. அதுக்கு மருந்து இருந்திச்சு. மருந்து வேலை செஞ்சுது, சூலகம் முழிச்சுது, பிள்ளைக்கு ஒரு வழி திறந்திச்சு. அந்த மருந்தத்தான் இவங்க கிணத்துல போட்டாங்க. அவள் உப்புக் கேட்டுக் கேட்டுச் செத்தாள். முருகன் கூப்பிடல்ல. முருகன் மேல பழி போடாதீங்க."

தங்கேஸ்வரி தர்மராஜாவின் பக்கம் திரும்பினாள்.

"அத்தான்," என்றாள். "என்னைக் கட்டப் போறீங்களாமே. அதுக்கு முதல் எழும்பி இந்த ஊறுகாய இலையிலிருந்து எடுத்துப் போடுங்க பார்ப்போம்."

தர்மராஜா எழும்பவில்லை. அவன் தோள் குலுங்கியது. தங்கேஸ்வரி அதைப் பார்த்து இரங்கவில்லை.

"ஆராவது எடுங்கோவன்!" என்று மாமி கத்தினாள். "கற்பூரம் கொளுத்த வேணும், நேரம் போகுது!"

எடுப்பதென்றால் கையால் தொட வேண்டும். மச்சம் காய்ச்சுகிற வீட்டுச் சாமான், படையலுக்கு நிற்கிற கையால் யார் தொடுவது? வஹகோட்டை மனுஷி பின்னால் நகர்ந்தாள். மாமியின் கை இலை வரைக்கும் போய் நின்றது, போய் நின்றது, திரும்பி வந்தது. ஆறு நாளும் அருந்ததியிடமிருந்து உப்பை விலக்கி வைத்த அதே தீட்டு இப்போது இலையில் காவல் இருந்தது.

கடைசியில் ஊறுகாய் அங்கேயே இருக்க, கற்பூரத்தைக் கொளுத்தினார்கள். தங்கேஸ்வரி கும்பிடவில்லை. வெறும் போத்தலை எடுத்துக்கொண்டு படலையைத் தாண்டி, பக்கத்து வீட்டுப் படியேறினாள்.

"ராத்தா, சோறு இருக்கா?"

"இருக்கு புள்ள. உக்காருங்க."

நூருன்னிஸா சோற்றைப் போட்டு, பக்கத்தில் உப்புச் சிரட்டையையும் எடுத்து வைத்தாள்.